மாமியார் படத்துக்குக் கீழே விட்ட வெள்ளை இடம்

சிதம்பரத்தில் இருக்கும் மாமியாரின் பிறந்தநாளுக்கு, நானே எடுத்த அவர் படத்தைப் பெரிதாக பிரிண்ட் போடக் கொடுத்திருந்தேன். கண்காட்சியில் மாட்டுகிற மாதிரி கறுப்பு வெள்ளை, பளபளப்பில்லாத பருத்தித் தாள், கீழே நாலு விரல் வெள்ளை மார்ஜின். கலையாம்!

இன்று திருப்பாதிரிப்புலியூர் போட்டோ லேபில் திரையைப் பார்த்தால், அந்த மார்ஜினில் "தோற்றம்", "மறைவு". நடுவில் எரிகிற விளக்கு வேறு.

"யோவ், அவுங்க உயிரோட இருக்காங்கய்யா!"

"கறுப்பு வெள்ளையில, கீழ எடம் உட்டுக் குடுத்தா என்னண்ணே நெனைக்கிறது? தேதி கேட்டு வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கமே, பாக்கலியா?"

பார்க்கவில்லை. ஆர்டரில் நான் கொடுத்திருந்தது மனைவியின் நம்பர்.

அதற்குள் அவளிடமிருந்தே போன்.

"எங்க இருக்கீங்க?"

"லேப்ல..."

"வாங்க. அம்மாவும் வந்திருக்காங்க."

வைத்துவிட்டாள். கத்தியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

என் முகத்தைப் பார்த்த லேப்காரர் ஆறுதலாகச் சொன்னார்: "எதுக்கும் உங்க போட்டோ ஒண்ணு குடுத்துட்டுப் போங்கண்ணே. அதே தாள்ல போட்டுடலாம்."

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். யார் வீட்டிலாவது இன்றைக்கு ஒரு பாய் காலியாக இருக்கிறதா?