மிச்சத்தை விட்ட கணக்கு

வேட்டைநாய்க்குப் பேர்போன கோம்பையில் பிறந்த முனீஸ்வரி நாய்க்குப் பயப்பட மாட்டாள். அன்று காலை பஸ்ஸில் அவள் பயந்து நடுங்கியது தான் போட்ட கணக்கை நினைத்து. கல்லூரியில் அவளுடைய வாய்மொழித் தேர்வு. தேறினால் டாக்டர் பட்டம். தற்காலிகமாகப் பாடம் நடத்தும் வேலையும் நிலைக்கும்.

அவள் ஆராய்ச்சி கேட்பதற்கு விளையாட்டு மாதிரி இருக்கும். பூச்சியமும் ஒன்றும் கலந்த வரிசையைக் கம்ப்யூட்டர் சுருக்கும்போது, இதுவரை வராத துண்டு வந்ததும் ஒரு வெட்டு வெட்டும். 001 என்றால் 0, 01. துண்டுகள் முன்பின் மாறி விழுந்தாலும், ஒரே துண்டுகளாக வெட்டுப்படும் வரிசைகள் எல்லாம் ஒரே குழு. மொத்தம் எத்தனை குழு என்று சொல்லும் சூத்திரத்தை வருஷக்கணக்காகத் தேடிப் பிடித்திருந்தாள்.

சும்மா வராமல் 010-ஐ மனதுக்குள் வெட்டிப் பார்த்தாள். 0, 1, அப்புறம் மறுபடியும் 0. அது ஏற்கெனவே வந்த துண்டு, வெட்ட முடியாத மிச்சம். குழுக்களை எண்ண அவள் எழுதிய புரோகிராம், மிச்சம் விழுந்த வரிசைகளை அப்படியே கழித்துக் கட்டியிருந்தது! வீட்டில் திராட்சை கட்டும்போது நிரம்பாத கடைசிப் பெட்டியை லோடில் சேர்க்கிற வழக்கமில்லை. அதே புத்தியில் எழுதித் தொலைத்திருக்கிறாள் மகராசி. மூன்று இலக்க வரிசை எட்டில் நாலைக் காணோம். அந்த எண்ணிக்கையை வைத்துப் பிடித்த சூத்திரமும் தப்பு.

இறங்கியதும் ஆராய்ச்சி வழிகாட்டி சுந்தரலிங்கத்தின் அறைக்கு ஓடினாள். மனிதர் கத்தித் தீர்ப்பார் என்று நினைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மெதுவாகக் கதவைச் சாத்தினார்.

"போன மாசமே பாத்துட்டேம்மா. வெளியேருந்து தேர்வெடுக்க வந்தவுக கவனிக்கல. பேசாம வாசிச்சிட்டு இறங்கு."

அதன்பிறகுதான் நிஜமான பயம் பிடித்தது. சொன்னால் அவரும் மாட்டுவார், பட்டமும் போகும். சொல்லாவிட்டால், என்றைக்கு எவன் கண்டுபிடிப்பானோ என்று ஆயுசு முழுக்கச் செத்துப் பிழைக்க வேண்டும்.

தேர்வு அறைக்குப் போய் ஆய்வை வாசித்தாள். வெளியூர்த் தேர்வாளர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நல்ல வேலை என்று வாய் நிறையப் பாராட்டிவிட்டுப் பேனாவைத் திறந்தார். சுந்தரலிங்கம் கண்ணை எடுக்காமல் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முனீஸ்வரி தேர்வாளர் பக்கம் திரும்பினாள்.

"கையெழுத்துப் போடாதீக சார்," என்றாள். "நான் எண்ணாம விட்ட வரிசை நிறைய இருக்கு."

சுந்தரலிங்கம் எழுந்து வெளியே போய்விட்டார்.