விலையில் சேராத தண்ணீர்

எங்கள் தெருக் கால்வாயைப் பார்த்தே அந்த முகூர்த்தத்துக்கு எந்த நிறப் புடவை விற்கிறது என்று சொல்லிவிடலாம். ஒருநாள் அரக்கு ஓடும், ஒருநாள் மயில்கழுத்து. சிறுமியாக இருந்தபோது அதில் காகிதக் கப்பல் விட்டிருக்கிறேன். கரை தட்டுவதற்குள் கப்பல் சிவந்துவிடும். காஞ்சிபுரத்தின் விளிம்பில் இருந்த அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு சாயப்பட்டறை. பட்டு நூலைக் கொதிக்கும் சாயத்தில் முக்கி எடுத்துக் காயப்போடுவார்கள். மிச்சத் தண்ணீரைக் கால்வாயில் திறந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று யாரும் நினைத்ததில்லை. பட்டறை வைத்திருந்த என் தாய்மாமாவும் நினைத்ததில்லை, ஒரு நண்பகலில் ஒரு பெண் குடத்தோடு வந்து நிற்கும்வரை.

கால்வாய் போய் முடியும் பக்கம் அவளுக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் இருந்தன. குடத்தைப் பட்டறை வாசலில் இறக்கி வைத்தாள். உள்ளே தண்ணீர் வெளிறிய ரோஜா நிறத்தில் இருந்தது. அவள் சண்டை பிடிக்கவில்லை.

“மாடுகூட மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குதுணா. எங்க ஊட்டுப் பசங்க இத்ததான் குடிச்சிக்கினு இருக்குது. நான் இன்னா பண்ணட்டும், நீயே சொல்லு.”

மாமாவின் இரண்டு கைகளும் முழங்கைவரை அதே நிறத்தில் நனைந்திருந்தன. அவள் குடத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த மழைக்காலத்துக்குள் மாமா கொல்லையில் தொட்டி கட்டிவிட்டார். தாலிச் சரடு தவிர அத்தையின் நகை எல்லாம் அதில் இறங்கியது. சாயத் தண்ணீர் ஒரு அறையில் தங்கி, சுண்ணாம்பு சேர்ந்து, கசடு படிந்து, அடுத்த அறைக்குப் போய் மணலில் வடியும். வெளியே வந்த தண்ணீருக்கு நிறம் இல்லை. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு மாமா வெகுநேரம் கொல்லையிலேயே குந்தியிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பிறகு பார்க்கவே இல்லை.

சுண்ணாம்புக்கும் கசடை அள்ளும் ஆளுக்கும் கூலி வேண்டும். சாயக் கூலியைக் கொஞ்சம் உயர்த்தினார். வழக்கமாக நூல் கொடுக்கும் பட்டுக்கடை முதலாளி சிரித்தார்.

“நீ தண்ணியக் கழுவறதுக்கு நான் ஏம்பா துட்டு குடுக்கணும்? பொடவை எடுக்க வர்றவங்க பார்டரப் பாக்கறாங்க, கலரப் பாக்கறாங்க. கால்வாய யாரு பாக்கறாங்க?”

அந்த மாதமே நூல் பக்கத்துப் பட்டறைக்குப் போயிற்று. அதே சிவப்பு, கொஞ்சம் குறைந்த கூலி.

இன்று கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். சந்தைத் தோல்வி என்ற பாடம் வரும்போது, ஒரு பொருளின் உண்மையான செலவில் ஒரு பகுதி விலையில் சேராமல் சம்பந்தமில்லாத மூன்றாம் மனிதர் தலையில் விழுவது என்று பலகையில் எழுதிப் போடுகிறேன். பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். அந்த மூன்றாம் மனிதருக்கு ஒரு முகமும் இடுப்பில் ஒரு குடமும் உண்டு என்பதை எழுதப் பலகையில் இடமில்லை. அவள் யாரிடம் விலை பேசுவாள்? அவள் எதையும் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை.

மாமா சும்மா இருக்கவில்லை. தெருவில் உள்ள பட்டறைக்காரர்களை எல்லாம் கூட்டி, “எல்லாரும் சேந்து ஒரே பெரிய தொட்டியா கட்டிடலாம்பா, ஆளுக்குக் கொஞ்சம்தான் ஆவும்” என்றார். நல்ல யோசனை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அடுத்தவன் முதலில் கொடுக்கட்டும் என்று ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போனார்கள். தான் கொடுக்காவிட்டாலும் கால்வாய் சுத்தமாகும் என்றால் எவன் கொடுப்பான்? ஒருவர் மட்டும் மாமாவின் தோளைத் தட்டி, “அதான் நீ கட்டிட்ட இல்லபா” என்றார்.

பிறகு மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வந்தார்கள். மற்ற பட்டறைகளில் பெயர்ப்பலகை இல்லை, பதிவு இல்லை. கொல்லைப்புறக் கதவைச் சாத்திவிட்டால் அது வெறும் வீடு. தொட்டிக்கு அனுமதி கேட்டு விண்ணப்பித்திருந்தவர் மாமா ஒருவர்தான். தொட்டி விதிப்படி இல்லை, இன்னும் இரண்டு அறை வேண்டும் என்று சொல்லி அவருடைய பட்டறையைத்தான் பூட்டினார்கள். கட்டாதவர்களிடம் அளந்து பார்க்க எதுவும் இல்லை. மாமா பூட்டைத் திறக்க முயலவில்லை. பக்கத்துப் பட்டறையில் கூலிக்குச் சேர்ந்தார். மிச்சத் தண்ணீரைக் கால்வாயில் திறந்துவிடுவதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான். குடத்தோடு வந்த பெண், பயிர் கருகியதும் நிலத்தை மனைக்கு விற்றுவிட்டுத் தாமல் கிராமத்துப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

பூட்டிய பட்டறைக்குப் பின்னால் தொட்டி நின்றுகொண்டே இருந்தது. என்றைக்காவது எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள் என்று மாமா அதில் செடி முளைக்கவிடாமல் பார்த்துக்கொண்டார். போன ஆண்டு அதே பட்டுக்கடை முதலாளி காரில் வந்து இறங்கினார். வெளியூர் வாடிக்கையாளர்கள் இப்போது சாயக் கழிவைப் பற்றிக் கேட்கிறார்களாம். தொட்டியை ஒரு படம் எடுத்துக் கடையில் மாட்டிக்கொள்கிறேன் என்றார். மாமா நாளைக்கு வரச் சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் கடப்பாரையை எடுத்துத் தொட்டியை இடித்தார். அத்தை தடுக்கவில்லை, செங்கல்லை ஓரமாக அடுக்கினாள். செய்தி கேட்டு ஓடிய நான், “ஏன் மாமா இடிச்சீங்க?” என்று கேட்டேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“அது ஒண்ணு நின்னுக்கினு இருந்தா, ஊருபூரா தொட்டி இருக்குதுன்னு நம்பிடுவாங்கமா.”

கடையில் இப்போது ஒரு தொட்டியின் படம் மாட்டியிருக்கிறார்கள். எந்த ஊரில் எடுத்ததோ தெரியவில்லை. அதன் கீழே உட்கார்ந்து ஜனங்கள் புடவை பார்க்கிறார்கள்.