ஒப்புக்கு ஒரு கையெழுத்து

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் நான் எழுத்தராக இருந்தேன். காலையும் மாலையும் பால் கொண்டுவந்து ஊற்றியவர்கள் பெரும்பாலும் பெண்கள். உறுப்பினர் பட்டியலில் இருந்தவை அவர்களுடைய கணவர்களின் பெயர்கள். நிர்வாகக் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தபோது, சொந்தப் பெயரில் உறுப்பினராக இருந்தவர் ஒரே ஒருவர்தான் அகப்பட்டார். கணவனை இழந்தவர், இரண்டு எருமைகள் வைத்திருந்தார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன்.

அவரைக் கூட்டத்துக்கு யாரும் அழைத்ததில்லை. கூட்டம் முடிந்த மறுநாள் தீர்மானப் புத்தகத்தை நான் அவர் வீட்டுக்கு எடுத்துப்போவேன். சாணிக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போடுவார். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அதுதான் வழக்கம் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

ஒரு கூட்டத்தில், பால் எடுக்கும் இடத்தைத் தெருவிலிருந்து ரோட்டோரத்துக்கு மாற்றுவதென்று முடிவானது. வேன் உள்ளே வந்து திரும்பச் சிரமப்பட்டது உண்மைதான். ஆனால் பெண்கள் பால் பாத்திரத்தோடு வாய்க்காலைத் தாண்டி நடக்க வேண்டும். இடம் மாறிய அன்று எல்லாரும் அக்காவைப் பிடித்துக்கொண்டார்கள். கமிட்டியில் இருந்துகொண்டு எப்படிச் சம்மதித்தாய் என்று கேட்டார்கள்.

அவர் நேரே என்னிடம் வந்தார். புத்தகத்தைப் படிக்கச் சொன்னார். உறுப்பினர்கள் அனைவரும் ஏகமனதாக ஏற்றுக்கொண்டனர் என்று படித்தேன். ஏகமனது என்றால் என்ன என்றார். எல்லாருக்கும் ஒரே மனசு என்று சொன்னேன்.

"அப்போ எம் மன்சும் அதுல கீதுன்றியாம்மா?"

அடியில் அவர் கையெழுத்து இருந்தது. அந்த வரியை எழுதியவள் நான்.

அடுத்த கூட்டத்துக்கு அவரே வந்துவிட்டார். உட்கார இடமில்லை, என் ஸ்டூலைக் கொடுத்துவிட்டு நான் நின்றுகொண்டு எழுதினேன். இடம் மாறியதில் தனக்குச் சம்மதமில்லை என்றார். தலைவர் கெட்டவர் இல்லை. தணிந்த குரலில்தான் பேசினார்.

"உன்ன ஒப்புக்குத்தாம்மா போட்டுகீது. ரூலுக்கு ஒருத்தர் வேணும், அவ்ளோதான். நீ ஏன் பேஜாரு பண்ணிக்கிற?"

அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"வெளையாட்டுல சின்னப் பசங்கள ஒப்புக்குச் சேத்துக்குவோம். அதுங்க தொட்டாலும் அவுட்டு இல்ல, அதுங்களத் தொட்டாலும் அவுட்டு இல்ல. நானும் அப்பிடின்னா சரி. எங் கையெயுத்து மட்டும் எப்பிடி செல்லுது?"

யாரும் சிரிக்கவில்லை. மேலே எழுதும்மா என்றார் தலைவர். இட மாற்றத்துக்கு ஓர் உறுப்பினர் சம்மதிக்கவில்லை என்று எழுதினேன். தலைவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஒப்பு என்றால் சம்மதம். கையெழுத்துக்கும் ஒப்பம் என்றுதான் பெயர். அதே சொல் 'ஒப்புக்கு' என்று ஆனதும், சம்மதம் கேட்கவே தேவையில்லாத ஆள் என்று பொருள் மாறிவிடுகிறது. பின்னாளில் அரசாங்கத் தாள்களில் 'போதிய பிரதிநிதித்துவம் இல்லை' என்ற வாசகத்தை எத்தனையோ முறை படித்தேன். ஆள் குறைவு என்பதைத் தாண்டி அது எதையும் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. ஆளை உட்கார வைத்துவிட்டு வாயைக் கழற்றிக்கொள்வதற்கு எங்கள் ஊர்ச் சொல்தான் சரி.

பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை. ஐப்பசி மழையில் வாய்க்கால் பெருகியபோது மட்டும் தெருவிலேயே ஒரு கேன் வைத்தார்கள். அதற்குப் பிறகு, ஒவ்வொரு தீர்மானத்தையும் நான் படித்துக் காட்டாமல் அக்கா கையெழுத்துப் போட்டதில்லை. இரண்டு முறை போட மறுத்தும் இருக்கிறார்.

மழை விட்ட பின் நாலு பெண்கள், சொந்தப் பெயரில் உறுப்பினராக மனு எழுதித் தரச் சொல்லி வந்தார்கள். அக்கா அனுப்பினாரா என்று கேட்டேன்.

"இல்லம்மா. வாய்க்கால்ல பாலோட வியுந்துட்டேன், அதான் வந்தேன்" என்றாள் ஒருத்தி. நான் முதல் மனுவை எழுத ஆரம்பித்தேன்.