பின்மூடியைத் திறக்காமல் நம்பாதவர்

மேல்மலையனூர்க் கோயிலில் அமாவாசைக் கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. எங்கள் கிளினிக்குக்குப் பக்கத்து மருந்துக்கடைக்காரர் போனில் பேசினார். "செல்வி, டாக்டர் போய்ட்டாரும்மா. காலைல காபி குடிச்சிட்டு நாற்காலில சாஞ்சவருதான்." உடுக்கைச் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. எனக்கு உடனே அழுகை வரவில்லை. "யாரு சொன்னது? நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டேன். "பாத்துட்டு வந்துதாம்மா சொல்றேன்" என்றார். அதன் பிறகுதான் அங்கேயே ஒரு தேங்காய்க் கடையின் பலகையில் உட்கார்ந்தேன். எதைக் கேட்டாலும் அப்படித் திருப்பிக் கேட்க என்னைப் பழக்கியவரே அவர்தான்.

செஞ்சியில் பல் டாக்டர் ஏழுமலை அவர்களைத் தெரியாதவர்கள் குறைவு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். திருவண்ணாமலை சாலையில், மாடியில் இருந்தது அவருடைய கிளினிக். ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை மலை தெரியும். நோயாளி வாயைத் திறப்பதற்குள் டாக்டரின் கண் அவருடைய மணிக்கட்டுக்குப் போய்விடும். பழைய சுவிட்சர்லாந்து கைக்கடிகாரங்கள் என்றால் அவருக்கு அப்படி ஒரு பித்து. எல்லாம் சாவி கொடுத்தால் ஓடுகிறவை, இன்றைக்குப் புதிதாக வாங்க நினைத்தால் நிலம் விற்க வேண்டியவை. அவற்றை வாங்குவார், பழுது பார்ப்பார், மற்றவர்கள் கொண்டுவந்தால் மதிப்புச் சொல்வார்.

நான் வேலை கேட்டுப் போன அன்று என் சான்றிதழ்களை அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது. "முன்னாடி இருந்த பொண்ணு ஏன் சார் நின்னுட்டாங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. "இதுவரைக்கும் வந்தவங்க யாருமே இத கேக்கல. நாளைக்கே வந்துடு" என்றார். அந்தப் பெண் கல்யாணமாகிப் போனதாகச் சொன்னார். நான் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன், உண்மைதான்.

புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போய்ப் பழைய கடிகாரங்களைத் தேடுவது அவருடைய வழக்கம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் வீடுகளிலிருந்து அவை அங்கே வருமாம். விற்பவர் "இது ஒரு கர்னல் கட்டினது சார்" என்று ஆரம்பித்தால், "கர்னல விடு, பின்மூடியத் தொற" என்பார். பலமுறை வெறுங்கையோடுதான் திரும்புவார். கடிகாரத்தின் உள்ளே ஓடும் பகுதியை இந்தத் தொழிலில் மிஷின் என்பார்கள். உறை ஒரு கடிகாரத்துடையது, மிஷின் இன்னொன்றுடையது, முகப்பில் புதுப் பெயின்ட் என்று ஒட்டுப்போட்டு விற்பவர்கள் அதிகம். ஒருமுறை பெரிய வீட்டுப் பிள்ளை ஒருவர் மாமனார் போட்ட கடிகாரம் என்று கொண்டுவந்தார். டாக்டர் பார்த்துவிட்டு, "மூணு ஆளோட உடம்ப வெட்டி ஒரு ஆளா தச்சிருக்காங்க தம்பி" என்றார். அந்தப் பிள்ளை பல் வலிக்குக்கூட மறுபடி எங்களிடம் வரவில்லை.

தான் பழுது பார்க்கும் கடிகாரத்தின் முகப்புக்கு அவர் பெயின்ட் அடிக்க மாட்டார். உறையையும் தேய்த்துப் பளபளப்பாக்க மாட்டார். அவருடைய துணைவியார் சாந்தா அம்மா சலித்துக்கொள்வார். "இன்னாங்க இது, கீறலோட கட்டிக்கினு கல்யாணத்துக்கு வர்றீங்க?" டாக்டர், "கீறல் இருக்கிறதாலதான் இதுல எவனும் கை வெக்கலன்னு தெரியுது" என்பார்.

அவரிடம் ஒரு விதி இருந்தது. கடிகாரத்தின் சொந்தக்காரர் எதிரே உட்கார்ந்திருக்காமல் அதன் பின்மூடியைத் திறக்க மாட்டார். "பின்னால ஒரு பேச்சு வரும். வராம இருக்காது" என்பார். அந்த விதியை ஒரே ஒருவருக்காக மீறினார்.

மேல்சித்தாமூர் தரணேந்திரன் ஐயா வேர்க்கடலை வியாபாரி, எங்கள் ஊர்ப் பேச்சில் மணிலா வியாபாரி. டாக்டருக்குக் கல்லூரிக் காலத்திலிருந்து நண்பர். இருவரும் ஒருவரையொருவர் 'யோவ்' என்று அழைத்துக்கொள்கிற அளவுக்கு நெருக்கம். தன் தந்தையார் கட்டியிருந்த தங்கக் கடிகாரத்தை ஒருநாள் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "மகன் கல்யாணத்துக்கு நான் கட்டிக்கணும். ஓட வெச்சுக் குடு" என்று சொல்லிவிட்டு, லாரி காத்திருக்கிறது என்று போய்விட்டார். டாக்டர் அன்று மதியம் தனியாக உட்கார்ந்து அதைத் திறந்தார். நான் சாப்பிடப் போயிருந்தேன்.

திரும்பி வந்தபோது அவர் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, "செல்வி, உள்ள இருக்கிறது இதோட மிஷின் இல்ல" என்றார். உறை அசல் தங்கம், முகப்பும் அசல். உள்ளே மட்டும் மலிவான வேறு மிஷினை வைத்து, ஒரு வளையம் போட்டு அடைத்திருந்தார்கள்.

மாலையில் தரணேந்திரன் ஐயா வந்தார். டாக்டர் சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"எங்க நைனா கைலேர்ந்து நேரா என் கைக்கு வந்தது. வேற எவன் கைக்கும் போகல."

"எப்பவோ போயிருக்குது. முகப்ப ஒட்டியிருக்கிற பசையப் பாரு. காஞ்சி மஞ்சளாயிருக்குது."

"பசையெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? தொறந்தது நீ. பக்கத்துல யாரு இருந்தா?"

தரணேந்திரன் ஐயா கடிகாரத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு படியிறங்கினார்.

அன்று கிளினிக்கைப் பூட்டும்போது டாக்டர் கேட்டார். "நீ இன்னா நெனைக்கிற? என்மேல சந்தேகம் இருக்குதா?"

"கொஞ்சம் இருக்குது சார். நான் பாக்கலையே."

அவர் கோபப்படவில்லை. தலையை ஆட்டினார். "சரிதான். பாக்காதத பாத்தேன்னு சொல்லாத. யாரு கேட்டாலும்."

சிலர் கேட்கவும் செய்தார்கள். நான் பார்க்கவில்லை என்றேதான் சொன்னேன். அது அவருக்கு உதவவில்லை. செஞ்சி சின்ன ஊர். காந்தி பஜாரில் ஒரு முனையில் சொன்னது மறுமுனைக்குப் போவதற்குள் கைகால் முளைத்துவிடும். நண்பன் வீட்டுக் கடிகாரத்திலேயே கை வைத்தவர் என்று ஆரம்பித்தது, அவர் பல்லுக்குப் போடும் தங்கமும் அசல்தானா என்று வளர்ந்தது. காத்திருக்கும் பெஞ்சில் ஒரு பெண்மணி பக்கத்தில் இருந்தவரிடம், "எங்க அக்கா இங்கதான் தங்கத்துல கட்டிக்கினாங்க. அத எங்கியாவது குடுத்து ஒரசிப் பாக்கணும்" என்று தணிந்த குரலில் சொன்னது எனக்கே கேட்டது. அன்று அதே பெஞ்சின் ஓரத்தில் தரணேந்திரன் ஐயாவின் தாயார் பத்மாவதி அம்மாளும் உட்கார்ந்திருந்தார். புதிதாகக் கட்டிய பல் செட் ஈறில் உரசுகிறது என்று வந்திருந்தார். நட்பு முறிந்தாலும் பல் செட்டை வேறு டாக்டரிடம் காட்ட அந்த அம்மாளுக்கு மனமில்லை.

அடுத்த முறை வந்தபோது அவர் மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தார். அதற்குள் தங்கக் கடிகாரமும், ஒரு பழைய மூக்குப்பொடி டப்பாவும் இருந்தன. டப்பாவைத் திறந்தால் துருவேறிய ஒரு மிஷின்.

"கெணத்துல விழுந்திடுச்சு டாக்டரே. பம்ப்செட்டு பாக்க எறங்கினப்போ, எங்க வூட்டுக்காரரு கைலேர்ந்து. மேல எடுக்கிறதுக்குள்ள உள்ள எல்லாம் துரு. எங்க மாமனாருக்கு பயந்துகினு பாண்டிக்கு எடுத்துப் போயி வேற மிஷின வெச்சிகினு வந்தாரு. இத மட்டும் தூக்கிப் போட மனசு வராம என்கிட்ட குடுத்தாரு."

தன்னைக் காப்பாற்ற வந்த அந்த வார்த்தையைக்கூட டாக்டர் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. "எந்தக் கெணறு?" என்று கேட்டார். அந்த அம்மாள் சொன்னார். "தண்ணி எவ்வளவு இருந்துச்சு?" அதையும் சொன்னார். பிறகு டாக்டர் லென்ஸை மாட்டிக்கொண்டு அந்தத் துருப்பிடித்த மிஷினை உறையின் உள்விளிம்போடு பொருத்திப் பார்த்தார். வெகுநேரம் கழித்து, "இதுதான்" என்றார்.

"என் புள்ளைக்கு நான் சொல்ல மாட்டேன்" என்றார் பத்மாவதி அம்மாள். "அவனுக்கு அவங்க நைனா பொய்யே சொல்லாதவரு. அந்தச் சண்டைக்கு அப்புறம் அவன் இத தொடுறதே இல்ல. நீ இத உள்ள வெச்சி ஓட வெச்சிடு. நான் சத்தமில்லாம பீரோவுல வெச்சிடுறேன்."

"ஓட வெக்கிறேன். ஆனா சத்தமில்லாம வெக்க முடியாதும்மா. அவன் எதிர்ல தொறந்து காட்டித்தான் குடுப்பேன். நீங்க சொன்னீங்கன்னு சொல்ல மாட்டேன்."

அந்த வேலை மாதக்கணக்கில் இழுத்தது. அதே மிஷின் உள்ள, உறை கெட்டுப்போன ஒரு கடிகாரத்தைத் தேடி வாங்கி, அதிலிருந்து தேவையான பாகங்களை மட்டும் எடுத்தார். பல் பார்க்கும் விளக்கின் கீழே, நோயாளி இல்லாத நேரமெல்லாம் துருவைச் சுரண்டினார். ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில் நின்றாக வேண்டும். எனக்குக் கால் வலித்தாலும் விடமாட்டார். துரு தின்ற குழிகள் தகட்டில் அம்மைத் தழும்பு போல நின்றுவிட்டன. அவற்றை அவர் மறைக்க முயலவில்லை. கடைசியில் ஒருநாள் காதில் வைத்துக் கேட்டுவிட்டு என் காதிலும் வைத்தார். ஓடியது.

"சார், இத கொண்டுபோயி குடுத்தா, நீங்கதான் எடுத்து வெச்சிருந்தீங்கன்னு சொல்வாரு" என்றேன்.

"சொல்லுவான். நானா இருந்தாலும் அப்பிடித்தான் சொல்லுவேன்." கையைத் துடைத்துக்கொண்டார். "அதுக்காக அவங்க நைனா மிஷின நானே வெச்சிக்க முடியுமா? கெளம்பு."

மேல்சித்தாமூர் வீட்டில் தரணேந்திரன் ஐயா எங்களை உட்காரச் சொல்லவில்லை. டாக்டர் கடிகாரத்தை மேசைமேல் வைத்ததும் அவர் முகம் கறுத்தது.

"இது எங்க பீரோவுல இருந்தது. உன் கைக்கு எப்பிடி வந்துச்சு?"

டாக்டர் பின்மூடியைத் திறந்து அவர் பக்கம் திருப்பினார். "இது உங்க கடிகாரத்தோட மிஷின். மூடில இருக்கிற நம்பரும் இதுல இருக்கிற நம்பரும் ஒண்ணுதான், பாத்துக்கோ."

தரணேந்திரன் ஐயா குனிந்து பார்த்தார். நிமிர்ந்து டாக்டரை முறைத்தார். "அப்போ உன்கிட்டதான் இருந்திருக்குது. ஊரு பேசவும் பயந்துபோயி கொண்டாந்துட்ட. பீரோவுலேர்ந்து எடுக்கிறதுக்கு யாருக்கு இன்னா குடுத்த?"

"ஐயா, துருவப் பாருங்க" என்றேன் நான்.

"துரு வரவைக்கத் தெரியாதா இவனுக்கு?"

உள்கதவருகே பத்மாவதி அம்மாள் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பக்கம் டாக்டரின் கண் போகவே இல்லை. நான் அவரை எத்தனையோ முறை கோபமாகவும் சலிப்பாகவும் பார்த்திருக்கிறேன். வாதாடாமல் நின்று அவமானப்பட்டதை அன்றுதான் பார்த்தேன். பின்மூடியை மூடி, கடிகாரத்தை மேசைமேலேயே வைத்துவிட்டு வாசலை நோக்கித் திரும்பினார்.

"கெணத்துல விழுந்துச்சுடா அது" என்றார் பத்மாவதி அம்மாள்.

புது பல் செட்டில் ஒவ்வொரு சொல்லும் திருத்தமாக வந்தது. கிணறு, மாமனார், பாண்டி, மூக்குப்பொடி டப்பா எல்லாவற்றையும் சொன்னார். "பீரோவத் தொறந்து எடுத்துக் குடுத்ததும் நான்தான். என்னக் கேளு, அவரக் கேக்காத." தரணேந்திரன் ஐயா நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் புறப்பட்டுவிட்டோம்.

சில நாள் கழித்து அவர் கிளினிக்குக்கு வந்தார். மற்றவர்களைப் போலப் பெஞ்சில் முறைப்படி காத்திருந்து, உள்ளே வந்து பல் பார்க்கும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கையில் அந்தக் கடிகாரம்.

"எந்தப் பல்லு?" என்றார் டாக்டர்.

"பல்லுல ஒண்ணும் இல்ல. சும்மாதான் வந்தேன்."

"நீ சொன்னா நான் நம்பணுமா? வாயத் தொற."

உண்மையாகவே ஒரு கடைவாய்ப் பல் சொத்தையாக இருந்தது. அதை அடைத்து முடிப்பதற்குள் இருவரும் பழையபடி 'யோவ்' போட்டுக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். காந்தி பஜாரில் போய் உண்மையைச் சொல்லிக்கொண்டு திரிந்தவரும் தரணேந்திரன் ஐயாவே. ஊர் அதைப் பாதி நம்பியது. "பாதி போதும்" என்றார் டாக்டர்.

டாக்டரை எரியூட்டிய மறுநாளிலிருந்து அவர் வீட்டுக்கு முன்பின் தெரியாதவர்கள் மாலையோடு வர ஆரம்பித்தார்கள். படத்தைக் கும்பிட்டுவிட்டு, "சார் கலெக்ஷனெல்லாம் பத்திரமா இருக்குதுங்களா?" என்று கேட்பார்கள். ஒருவர் தண்ணீர் கேட்டு உள்ளறை வரைக்கும் போய்விட்டார். சாந்தா அம்மா என்னையும் தரணேந்திரன் ஐயாவையும் துணைக்கு இருக்கச் சொன்னார். கடிகாரங்கள் இருக்கும் அலமாரிக்கு முன்னால் தரணேந்திரன் ஐயா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். வருகிறவர்களின் முகத்தைவிடக் கைகளையே அதிகம் பார்த்தார்.

மூன்றாம் நாள் புதுச்சேரியிலிருந்து வயதான ஒருவர் வந்தார். தோளில் ஒரு பை. சந்தையில் கடை போடுகிறவராம். படத்துக்கு முன் நின்றவர் நகரவே இல்லை. நான் போய், "இன்னா வேணும்?" என்றேன், கொஞ்சம் கடுமையாகவே.

"ஒண்ணும் வேணாம்மா. என் கடையில எனக்கே தெரியாம ஒரு நல்ல வாட்ச்சு கெடந்துச்சு. நான் சொன்ன வெலைக்கே வாங்கிகினு போயிருக்கலாம். இது ஒசத்தி, கம்மியா கேக்கிறியேன்னு சொல்லி, வெலைய ஏத்திக் குடுத்து வாங்கினாரு." நாங்கள் பையைப் பார்ப்பதை அவர் கவனித்திருக்க வேண்டும். கேட்காமலே அதைத் திறந்து காட்டினார். ஒரு துண்டும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன.

தரணேந்திரன் ஐயா எழுந்து தன் நாற்காலியை அவருக்குப் போட்டார். நான் காபி கொண்டுவந்தேன். அவர் குடிக்கும்வரை தரணேந்திரன் ஐயா நின்றபடியே அலமாரியில் முதுகைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

சார், அலமாரிச் சாவி சாந்தா அம்மாவின் இடுப்பில் இருக்கிறது. எதை விற்றாலும் வாங்குகிறவர் எதிரே திறந்து காட்டித்தான் கொடுப்போம், நானும் பக்கத்தில் நிற்பேன். நீங்கள் கவலையில்லாமல் போய் வாருங்கள்.