லாபம், ரெண்டு, மூணு

வீராசாமிக்குத் தன் தங்கை புருஷன் வேம்புலி மேல் ஒன்பது வருஷக் கோபம். கத்தித் தீர்க்கிற கோபமல்ல. வேலப்பன்சாவடியில் எதிரே வந்தால் காறித் துப்பிவிட்டு அந்தப் பக்கமாகப் போகிற கோபம். திருவேற்காட்டுக்கு இந்தண்டை, கூவத்தை ஒட்டி, இரண்டு பேரும் சேர்ந்து பயிர் வைத்த ஒன்றரைக் காணி நிலம், வேம்புலி ஆடிய ஒரு கூத்தால் கையைவிட்டுப் போனது. அப்புறம் வேம்புலி பூந்தமல்லி ரஸ்தாவில் ஜல்லி உடைத்தான். யுத்தம் வந்ததும் வீராசாமி ஆவடியில் பட்டாளத்துக் கொட்டகைகளுக்குக் கல் சுமக்கப் போனான். தோள் வலித்த நாளெல்லாம் அந்தக் காணியையும் வேம்புலியையும் சேர்த்தே நினைத்தான்.

வேம்புலி கெட்டவனாக இருந்திருந்தால் மறந்திருக்கலாம். ஏர் பிடித்தால் நூல் பிடித்த மாதிரி ஓட்டுவான். குடி கிடையாது, பேச்சும் கம்மி. அவன் பெண்டாட்டி எல்லம்மா, வீராசாமிக்கு ஒரே தங்கை, கல்யாணமான நாலாம் வருஷம் வாந்திபேதியில் போய்விட்டாள். நாற்று நட்டுவிட்டு வந்து படுத்தவள், மறுநாள் இல்லை. வேம்புலி வேறு பெண் கட்டவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லவுமில்லை. வீராசாமியிடம் மட்டும் ஒரு நாள் வரப்பில் கூழ் குடிக்கும்போது சொன்னான், அவளைக் கனவில் பார்க்கிறேன் என்று.

எல்லாரும்தான் பார்க்கிறார்கள், அதில் என்ன என்றான் வீராசாமி. அப்படி இல்லையாம். கனவுக்குள் நிற்கும்போதே இது கனவு என்று வேம்புலிக்குத் தெரிந்துவிடுமாம். தெரிந்ததும் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு மடைக்கு நடப்பான். அங்கே போய் நின்றால் எல்லம்மா வருவாள். ஆரம்பத்தில் ஓடிப்போய்க் கையைப் பிடித்தான். பிடித்த உடனே விழிப்பு வந்துவிட்டது. அப்புறம் சௌக்கியமா என்று கேட்டுப் பார்த்தான். அதற்கும் விழிப்புதான். ஒன்றும் கேட்காமல், எதற்கும் ஆசைப்படாமல் சும்மா பக்கத்தில் உட்காரக் கற்றுக்கொள்ள இரண்டு வருஷம் பிடித்ததாம். அப்படி உட்கார்ந்தால் ஒரு நாழிகை இருப்பாள், மடைத் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு.

"கனவுன்னு எப்பிடிடா தெரியுது ஒனக்கு?"

"அதுக்கு ஒரு அடையாளம் கீது மச்சான். வெளியே சொன்னா போயிடும்."

"செத்தவகூட குடும்பம் நடத்தறவன் நீ ஒருத்தன்தான்" என்று வீராசாமி சிரித்தான். சிரித்தானே தவிர, அதற்கப்புறம் மாசத்துக்கு ஒரு தரமாவது, மாட்டுக்கு வைக்கோல் போட்டாயா என்கிற குரலில், வந்தாளா என்று கேட்பான். வந்தாள் என்பான் வேம்புலி. அன்றைக்கு வீராசாமிக்கு வேலை ஓடும்.

அது தை மாசம், நெல் அளக்கிற நாள். குவியலுக்குக் காவலாக இரண்டு ராத்திரி கண் மூடாமல் களத்தில் கிடந்திருந்தான் வீராசாமி. காலையில் பட்டணத்து மிராசுதாரின் காரியக்காரர் கங்காதரன் குடையோடு வந்து நின்று, வண்டிக்காரனை எதற்கோ வைதுகொண்டிருந்தார். மரக்கால் வீராசாமி கையில். கோணியின் வாயை விரித்துப் பிடித்திருந்தவன் வேம்புலி. நெல் அளக்கும்போது எவனும் ஒன்று என்று ஆரம்பிக்கமாட்டான். முதல் மரக்காலுக்கு லாபம் என்பான். அப்புறம்தான் ரெண்டு, மூணு.

முதல் மரக்கால் விழுந்தது. வேம்புலி நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கோணியைக் கீழே விட்டான். நேரே கங்காதரனிடம் போய், குடையைப் பிடுங்கி மடக்கி, அவர் அக்குளிலேயே செருகினான்.

"இது நெச வெயில் இல்ல சாமி. இன்னாத்துக்குக் கொட?"

அப்புறம் மடைப் பக்கம் நடந்தான். நடுவே நெற்குவியல் கிடந்தது. சுற்றிப் போகாமல் அதன்மேலேயே காலை வைத்தான். முழங்கால் வரை புதைந்தது. புதைந்த காலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அத்தனை பேர் நடுவில், நெல்லுக்குள்ளேயே உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

கள்ளு என்றார் கங்காதரன். நெல்லை மிதித்தவனுக்கும் அவன் கூட்டாளிக்கும் அடுத்த பயிருக்கு நிலம் இல்லை என்று ஆயிற்று. வீராசாமி மூன்று நாள் விடாமல் கேட்டான், ஏண்டா அப்படிச் செய்தாய் என்று. தப்பா நெனச்சிட்டேன் மச்சான் என்பதற்கு மேல் வேம்புலி வாய் திறக்கவில்லை. அதோடு பேச்சு நின்றது.

ஒன்பதாம் வருஷம் வீராசாமியின் பெண்டாட்டி பொன்னியம்மாதான் ஆரம்பித்தாள். ஜல்லித் தூசு வேம்புலியின் நெஞ்சை அடைத்துவிட்டது, இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடக்கிறான், நீ போய்ப் பார்க்காவிட்டால் இந்த ஊட்டில் அடுப்பெரியாது என்றாள். எரியவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பசியோடு போய் வேம்புலியின் குடிசை வாசலில் உட்கார்ந்தான் வீராசாமி.

"மச்சானா? நெசமா, கனவா?"

"ஒன் கனவுக்கு வேற நான் வரணுமா? கல்லு தூக்கவே நேரம் இல்ல."

வேம்புலி சிரிக்கப் போய் இருமினான். இருமல் அடங்கியதும் தானாகவே சொன்னான். எல்லம்மா செத்த வருஷம் ஒரு கனவு. அவனைப் பெற்றவன், செத்துப்போன அப்பன், களத்தில் அளக்கிறான். அளக்கும்போது ஒன்னு என்று ஆரம்பித்தான். கழுத்தை அறுத்தாலும் அப்பன் வாயில் அது வராது. அப்படியென்றால் இது கனவு என்று அப்போதே தெரிந்துவிட்டது. அது முதல் எந்தக் கனவிலும் எவனாவது ஒன்னு என்று அளந்தால் வேம்புலி மடைக்குக் கிளம்பிவிடுவான். நடுவே நெற்குவியல் கிடந்தாலும் மேலேயே நடப்பான், கனவு நெல்லில் கால் புதையாது.

"அன்னிக்கு நீ ஒன்னுன்னு போட்ட மச்சான். ரெண்டு நாள் தூங்காத வாயி."

வீராசாமி யோசித்துப் பார்த்தான். அந்தக் காலையின் தூசி ஞாபகம் வந்தது. கண் எரிந்தது ஞாபகம் வந்தது. வாய் என்ன சொன்னது என்பது மட்டும் வரவில்லை.

"ஏண்டா சொல்லல?"

"சொன்னா ஒன்ன நீயே திட்டிக்குவ. என்னத் திட்டறது ஒனக்கு சுலுவு."

 வீராசாமி பழைய குரலிலேயே கேட்டான்.

"வந்தாளா?"

"இல்ல. அன்னிலேர்ந்தே இல்ல. ஒன்னுன்னு காதுல வுழுது. நெசமோ பொய்யோன்னு பயம் புட்ச்சிக்குது. கால வெச்சிப் பாக்கலாமா வாணாமான்னு நிக்கறதுக்குள்ள முழிச்சிக்கறேன்."

ஒன்பது வருஷம். வீராசாமி காணியைத்தான் இழந்திருந்தான். அவன் எழுந்துபோய் வேம்புலியின் பாயோரம் உட்கார்ந்தான். வேம்புலி அவன் கையைத் தேடிப் பிடித்தான்.

"போறப்ப சந்தேகப்பட்டுக்கினு நிக்கக் கூடாது மச்சான். எனக்கு வாய்க்கரிசி நீ போடு. எவன் இன்னா சொன்னாலும் சரி, காதாண்ட குனிஞ்சி, நல்லா கேக்கறா மாதிரி, ஒன்னுன்னு சொல்லிப் போடு."