நாக்குக்குக் கீழே ஒரு வளையம்

என் தங்கை யாழ்ப்பாணத்து அரியாலையில் ஒரு முன்பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். கொழும்பில் நடந்த பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்த அன்று பின்னேரம் என்னை அறைக்குள் கூப்பிட்டு, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். நாக்கை அடிவாயோடு பிணைக்கும் மெல்லிய சவ்வில் சின்ன வளையம் ஒன்று கிடந்தது.

"என்னடி உது?"

"வெளியிலை ஒருத்தருக்கும் தெரியாது அக்கா. எனக்கெண்டு ஒண்டு இருக்கட்டும்."

எங்கள் வீட்டில் தோட்டின் அளவைக்கூட அம்மாதான் முடிவு செய்வார். நாங்கள் போகும் தேவாலயச் சபையில் ஆட்கள் என்ன கதைப்பார்களோ என்ற பயம் அவருக்கு. அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன். அழுதார், சத்தம் போட்டார். அடுத்த நாள் தங்கை, "கழட்டிப்போட்டன்" என்றாள். நாங்கள் நம்பிவிட்டோம்.

கொஞ்ச நாளில் பல் வலிக்கிறதென்று சாப்பிடாமல் இருந்தாள். உப்புத் தண்ணீரில் கொப்பளித்துக் குளிசை போட்டுப் பார்த்தாள். ஒரு காலை, நாடிக்குக் கீழே தாடையோரமெல்லாம் வீங்கிக் கல்லுப்போல இறுகியிருந்தது. விழுங்க முடியாமல் எச்சில் வழிந்தது. படுத்தால் மூச்சு முட்டியதால், இருத்தியபடியே ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டொக்டர் வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். வளையம் உள்ளேதான் இருந்தது.

"குத்தின இடத்தாலை கிருமி போய் அடிவாய் முழுக்கப் பரவிட்டுது. வீக்கம் நாக்கை மேலை தள்ளுது. மூச்சு அடைபட முதல் கழுத்திலை துளை போடவேணும்."

"சபையிலை பாட்டுப் படிக்கிற பிள்ளை டொக்டர்," என்றார் அம்மா.

"இப்ப மூச்சைத்தான் பாக்கவேணும் அம்மா."

சீழ் நெஞ்சுவரை இறங்கியிருந்தது. பலமுறை வெட்டி எடுத்தார்கள். பிழைத்தாள். ஆனால் நாக்கு தழும்போடு ஒட்டி, அடிவாயிலேயே கிடந்துவிட்டது. பயிற்சிகள் செய்வித்தார்கள், பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

கழுத்துக் காயம் ஆறியபின் முன்பள்ளிக்குப் போனாள். கதை சொல்லத் தொடங்கியதும் ஒரு பிள்ளை, "ரீச்சர், ஏன் சின்னப்பிள்ளை மாதிரிக் கதைக்கிறீங்கள்?" என்று கேட்டதாம். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்களாம். இடைவேளையோடு வீட்டுக்கு வந்தவள் பிறகு போகவேயில்லை.

இப்போது கனடாவிலிருந்து மாமா அழைத்தால் எழுந்து பின்வளவுக்குப் போய்விடுகிறாள். பேசிவந்த கலியாணமும் நின்றுவிட்டது.

போன கிழமை, "வா, இன்னொரு டொக்டரிட்டைக் காட்டிப் பாப்பம்," என்றேன். என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். எனக்கு விளங்கவில்லை.

"என்னடி? திருப்பிச் சொல்லு."

அவள் உடுப்புகளை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.