பத்து நிமிடத் தோணி

காலை 8.50. டோர்செட் பார்க்கில் பதினொன்றாம் மாடியிலிருந்து இறங்கியதுமே, தாமதித்துவிட்டவனைப் போல நடக்கத் தொடங்கினேன். தாமதம் இன்றையது அல்ல. இருபத்து நான்கு வருடத்தது. போகும் இடம் ரெக்ஸ்டேல், இந்தக் கனடா நகரத்தின் மறுகோடி. பார்க்கப்போவது மாலைதீவின் முதல்தர உதைபந்தாட்ட லீக்கில் ஓர் ஆட்டம், நண்பன் யோகனின் மடிக்கணினியில். அங்கே இரவு எட்டரை என்றால் இங்கே காலை பதினொன்றரை.

9.20. கென்னடி நிலையம். பஸ்ஸில் அட்டையைத் தட்ட மூன்று டொலர் முப்பது சதம் போனது. இரண்டு மணித்தியாலத்துக்குள் எத்தனை வண்டியும் மாறலாம். யோகன் ஊரில், அரியாலையில், எங்கள் கழகத்தின் கோல்காப்பாளனாக இருந்தவன். மாலைதீவின் தலைநகர் மாலேயில் உள்ள கழகம் ஒன்று ஒரு பருவத்துக்கு அவனைக் கூப்பிட்டது. ஒரு நடையில் கடந்துவிடக்கூடிய தீவு அது. கழகங்கள் பல, மைதானம் ஒன்று. சொந்த மண், எதிரி மண் என்ற பேச்சே இல்லை. இன்று இவர்கள் மிதித்த புல்லை நாளை அவர்கள் மிதிப்பார்கள்.

9.50. ரயில் டொன் பள்ளத்தாக்கைப் பாலத்தில் கடந்தது. கீழே மரங்கள் சிவக்கத் தொடங்கியிருந்தன. பிறகு இருட்டு, பிறகு ஷேர்போன் நிலையம். மேலே சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகள். ஏழு பேர் படுத்த ஓர் அறையிலிருந்து, தொலைபேசி அட்டையின் கடைசி நிமிடங்களில், நான் யோகனுக்கு அந்தப் பொய்யைச் சொன்னது அங்கேதான்.

கனடாவுக்கு வரும் வழியில் மாலேயில் ஒரு மாலை முழுவதும் விமானத்துக்குக் காத்திருந்தேன். விமான நிலையம் தனித் தீவு. எதிரே தண்ணீருக்கு அப்பால் நகரம். தோணியில் பத்து நிமிடம், ஓர் அமெரிக்க டொலர். அன்று யோகனுக்கு ஆட்டம். “கட்டாயம் வா” என்று சொல்லியிருந்தான். என் கையிலிருந்த பாஸ்போட்டில் படம் மட்டுமே என்னுடையது. வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்களோ என்ற பயத்தில் கதிரையை விட்டு எழவில்லை. மைதானத்து விளக்குகளின் வெளிச்சம் அக்கரை வானில் பால்போலக் கிடந்தது. அந்த நாட்டில் வருபவர் எல்லோருக்கும் வாசலிலேயே அனுமதி முத்திரை குத்தி விடுவார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

“வந்தனியாடா?” என்று, கனடா வந்து சேர்ந்து நான் எடுத்தபோது, போனில் கேட்டான்.

“வந்தனான். இடப்பக்கம் பாய்ஞ்சு ஒண்டு பிடிச்சாய். அப்பா!”

“ஓமடா” என்றான்.

அவனும் கனடா வந்த பிறகு, எந்தக் கொண்டாட்டத்திலும் என்னை இழுத்து நிறுத்துவான். “இவன்தான் பாத்தவன். சொல்லடா.” சொல்லுவேன். வருடா வருடம் அந்தப் பாய்ச்சல் நீண்டுகொண்டே போனது. இப்போது அவனுடைய மகள் மிதுனா பள்ளிக்கூட அணியின் கோல்காப்பாளர். அப்பாவைப் பற்றிப் பள்ளிக்கு ஒரு வீடியோ செய்கிறாள். நேரில் கண்ட ஒரே சாட்சி நான்.

10.30. கிப்ளிங் பஸ். மடியில் பொரித்த ரோல்ஸ் தட்டோடு ஓர் அன்ரி பக்கத்தில் இருந்தார்.

“தம்பி, செத்தவீட்டுக்கோ போறியள்? முகம் அப்பிடிக் கிடக்கு.”

“இல்லை அன்ரி, மட்ச் பாக்க.”

“அப்ப தோக்கிற பக்கம் போல” என்றுவிட்டு ஒரு ரோலை நீட்டினார். வாங்கினேன். கடதாசியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்தேன்.

11.40. யோகனின் வீடு. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம். மிதுனா போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். “ரெடியா அங்கிள்? ஜஸ்ட் நடந்ததைச் சொல்லுங்கோ.”

“பிள்ளை, அதை நிப்பாட்டு. நான் அண்டைக்கு மட்சுக்குப் போகேல்லை.”

யோகன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தெரியும்.”

“எப்பிடி?”

“நான் அண்டைக்கு விளையாடேல்லையடா. முழு மட்சும் மேலதிக ஆளா வாங்கில இருந்தனான்.”

“வெயிட், அப்ப அந்த டைவ்?” என்றாள் மிதுனா.

“அது இவன்ர டைவ். நல்லாத்தான் பாயிறவன்.”

சிரிக்க முயன்றேன். வரவில்லை. “ஏன்டா அப்பவே சொல்லேல்லை?”

“ஊரில மெயின் கீப்பர் எண்டு சொல்லிப்போட்டெல்லோ போனனான். வா எண்டு கூப்பிட்டிட்டு, நீ வந்தா பிடிபட்டிடுவன் எண்டு பயந்தனான்.” தேநீர்க் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தான். “ஆனா மட்ச் முடியுமட்டும் வாசல் கேற்றையே பாத்துக்கொண்டிருந்தனான். நீ வராததுதான்டா நொந்தது.”

திரையில் கமரா மேலதிக வீரர்கள் இருந்த வாங்கின் பக்கம் திரும்பியது. கையுறையை மடியில் வைத்தபடி ஒருவன். “அந்த ஆள் மாதிரியா அப்பா?” என்று கேட்டாள். “ஓம்” என்றான். அதற்குள் கமரா பந்தோடு போய்விட்டது.

பிற்பகல் 2.10. யோகன் பஸ் தரிப்பு வரை வந்தான். அடுத்த சனியும் ஆட்டம் உண்டு என்றான். வா என்று சொல்லவில்லை. இரண்டு மணித்தியாலம் எப்போதோ கடந்துவிட்டிருந்ததால் மறுபடி மூன்று டொலர் முப்பது சதம். இந்த ஊரில் ஒரு நண்பனைப் பார்க்க இரண்டு மணித்தியாலம் குறுக்கே போகிறோம், அதைத் தூரம் என்று முறையிடுகிறோம். அன்று மாலேயில் தோணிக்குப் பத்து நிமிடம்தான். ஒரு டொலர் சட்டைப்பையில் இருந்தது. போயிருந்தால் வாங்கில் ஒரு மனிதன் இருப்பதைத்தான் பார்த்திருப்பேன். அதைப் பார்க்கத்தான் அங்கே ஆள் இல்லாமல் போனது.